கோல் கணக்கில் அடங்காதவர்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லையோரமும் ஆட்டக்காரர் ஒப்பீடும்

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 19 நாள் இடைவெளியில், இந்தியக் கால்பந்தின் இரண்டு முதியவர்கள் மறைந்தனர். ஆகஸ்டு 5ஆம் நாள் தாணேயில் மறைந்தவர் எஸ்.எஸ். நாராயணன். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இடம்பெற்ற கோல்காவலர், ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். ஆகஸ்டு 24ஆம் நாள் கொச்சியில் மறைந்தவர் ஓ. சந்திரசேகரன். ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் தற்காப்பு வீரர். இரிஞ்ஞாலக்குடையில் பிறந்து, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி அணியில் ஆடி வளர்ந்தவர்.

இவ்விருவரில் சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல எந்த அட்டவணையும் உதவாது. ஒருவர் கோல் அடிக்கும் இடத்தில் நிற்கவே இல்லை. மற்றவருக்கும் கோல் அடிப்பது வேலையன்று. கேரளத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் திருச்சூரின் ஐ.எம். விஜயன் பெயர் முதலில் வருகிறது, அது நியாயமே. ஆயினும் விஜயனையும் நாராயணனையும் ஒரே தராசில் வைக்க முடியுமா, முடியுமெனில் படிக்கல் எது என்பது ஆராயப்பட வேண்டிய வினா. இது வெறும் திண்ணைப் பேச்சுமன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அரசுப் பணி, விருது ஆகியவற்றைத் தீர்மானிக்கும் குழுக்கள் இதே ஒப்பீட்டைத்தான் ஒவ்வொரு முறையும் செய்கின்றன. முன்கள வீரனையும் கோல்காவலனையும் அருகருகே நிறுத்தி ஒருவனைத் தெரிந்தெடுக்கின்றன. அத்தேர்வில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

ஒப்பீட்டைக் கோணலாக்கும் காரணங்கள் மூன்று. முதலாவது காலம், இரண்டாவது களத்தில் நின்ற இடம், மூன்றாவது ஆட்டக்காரன் நுழைந்த வாசல். முதலிரண்டும் அடிக்கடி பேசப்படுபவை. மூன்றாவது பேசப்படுவதே அரிது. பாலக்காடு, இடுக்கி ஆகிய எல்லையோரப் பகுதிகளை வைத்துப் பார்க்கும்போது மூன்றாவதே மிகப் பெரியது என்பது புலப்படும்.

இரண்டு எல்லையோரங்கள்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மாவட்டங்கள் அல்ல. இரண்டுக்கும் பொதுவானது தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் கிழக்கு எல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூர்ச் சமவெளியோடு இணைந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ் அன்றாட மொழி. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் அவ்வாறே.

1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவாகும் வரை இப்பகுதிகள் ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததில்லை. பாலக்காடு நகரும் ஒற்றப்பாலமும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டது. தேவிகுளம், பீர்மேடு திருவிதாங்கூருக்கு உட்பட்டவை. மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது 1956 நவம்பர் 22ஆம் நாள். ஒற்றப்பாலத்தில் பிறந்த கோல்காவலர் அங்குச் சென்றபோது, அவர் பிறந்த ஊர் கேரளத்தில் சேர்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன.

இவ்விவரம் ஒப்பீட்டுக்கு ஏன் தேவைப்படுகிறது? பட்டியல்கள் பெரும்பாலும் மாநிலவாரியாகவோ பல்கலைக்கழகவாரியாகவோ எழுதப்படுகின்றன என்பதால்தான். பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். 1866இல் பள்ளியாகத் தொடங்கி, 1888இல் விக்டோரியா என்ற பெயரைப் பெற்ற அந்நிறுவனம், முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், மாநில உருவாக்கத்துக்குப் பின் கேரளப் பல்கலைக்கழகத்தோடும், 1968 முதல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருந்தது. ஒரே கல்லூரி, தந்தையும் மகனும் பெயரனும் அங்குப் படித்திருக்கலாம். மூவரும் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருந்தால் மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்காக ஆடியிருப்பார்கள்.

தந்தை போட்டியிட்டது சென்னை நகரக் கல்லூரிகளின் வலுவான அணிகளோடு. மகன் போட்டியிட்டது திருவனந்தபுரம், கொல்லம், எர்ணாகுளம் மாணவர்களோடு. பெயரன் போட்டியிட்டது மலப்புறம், கோழிக்கோடு, திருச்சூர் எனக் கேரளத்தில் கால்பந்து மிகச் செழித்த மாவட்டங்களின் மாணவர்களோடு. “பல்கலைக்கழக ஆட்டக்காரர்” என்ற ஒரே சொல் மூவருக்கும் பொருந்துகிறது. அச்சொல்லைப் பெறக் கடக்க வேண்டியிருந்த மேடு ஒவ்வொருவருக்கும் வேறு.

காலத்தின் கோணல்

பழைய எண்களை இன்றைய எண்களோடு நேரே ஒப்பிட முடியாமைக்கு எளிய சான்று ஆட்ட நேரம். 1950களில் இந்திய உள்நாட்டுப் போட்டிகள் பல 70 நிமிடமே நடந்தன. ஒலிம்பிக்கில் மட்டும் 90 நிமிடம். அக்காலத்தில் ஒருவர் 20 ஆட்டங்களில் 20 கோல் அடித்திருந்தால், அவர் களத்தில் நின்றது அதிகபட்சம் 1400 நிமிடங்கள். இன்றைய கணக்கில் அது 16 ஆட்டங்களுக்கும் குறைவு. ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று எழுதினால் பழையவருக்கு அநீதி. அதே வேளையில், எழுபதாம் நிமிடத்துக்குப் பின் வரும் களைப்பை அவர் உள்நாட்டில் சந்திக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நீதி முழுமை பெறும்.

அடுத்தது காலணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடினர். இல்ஃபோர்டு மைதானத்தில் பிரான்சிடம் 1–2 எனத் தோற்றனர். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. திருவல்லா பாப்பன் என்று அறியப்பட்ட தாமஸ் வர்கீஸ் அவ்வணியில் இடம்பெற்ற கேரளத்தவர். 1952 ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 1–10 எனத் தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்காலுக்குப் பந்தின் மீதான கட்டுப்பாடு நுண்மையானது. ஈரத் தரையிலும் மோதலிலும் அது கைவிடும். ஒரு தலைமுறை தன் இளமையில் கற்ற கலையை நடுவயதில் மறந்து, வேறொன்றைக் கற்க வேண்டியிருந்தது. அத்தலைமுறையின் பதிவை மதிப்பிடுவோர் இந்த இடைமாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

விதிகளும் மாறின. 1925 வரை, முன்னே நிற்கும் ஆட்டக்காரனுக்கும் கோல்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தால்தான் ஆஃப்சைடு ஆகாது. பிறகு இருவர் போதும் என்றாயிற்று. 1992க்குப் பின், சக ஆட்டக்காரன் காலால் வேண்டுமென்றே திருப்பித் தரும் பந்தைக் கோல்காவலன் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வந்தது. அவ்வொரு விதியால் கோல்காவலன் என்ற தொழிலே உருமாறியது. நாராயணன் காலத்தவருக்குக் கை முதன்மை; இன்றைய காவலனுக்குக் கையோடு காலும் வேண்டும். மறுபுறம், பழைய காவலன் கோல்கம்பங்களின் அடியில் எதிரிகளின் தோள் இடியைத் தாங்கிக்கொண்டு, மழையில் நனைந்து கனத்துப்போன தோல்பந்தைப் பிடித்தான். இன்றையவன் அதைச் செய்ய வேண்டியதில்லை. யாருடைய வேலை கடினம் என்பதைவிட, இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதே சரியான விடை.

நின்ற இடத்தின் கோணல்

அர்ஜுனா விருதின் தொடக்க வரிசையைப் பார்த்தால் இக்கோணல் தெளிவாகத் தெரியும். 1961இல் கால்பந்துக்கான முதல் விருது பி.கே. பானர்ஜிக்கு. 1962இல் துளசிதாஸ் பலராமன். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1963இல் சுனி கோஸ்வாமி. மூவரும் முன்களத்தினர். 1964இல் ஜர்னைல் சிங், 1965இல் அருண் கோஷ் எனத் தற்காப்பினர் முறை பிறகு வந்தது. 1966இல் யூசுப் கான். கோல்காவலர் பீட்டர் தங்கராஜுக்கு விருது கிட்டியது 1967இல். ஏழாம் ஆண்டில்தான் களத்தின் கடைசி மனிதன் மேடை ஏறினான். தேர்ந்தெடுத்தோர் யாரும் அநீதி செய்ய நினைத்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. கண் பந்தைப் பின்தொடர்ந்து வலைக்குள் சென்றது, அவ்வளவே.

உலகெங்கும் இதே நிலைதான். ஐரோப்பாவின் தங்கப்பந்து விருதை வென்ற ஒரே கோல்காவலர் சோவியத் நாட்டின் லெவ் யாஷின், ஆண்டு 1963. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்பது முற்றிலும் வேறொரு ஆட்டம்; முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதன் சிறந்த மாணவ வீரருக்கு 1935 முதல் ஹெய்ஸ்மன் விருது வழங்கப்படுகிறது. பெரும்பாலும் அது பந்தை எறிபவருக்கோ ஏந்தி ஓடுபவருக்கோ சென்றிருக்கிறது. தற்காப்பையே முதன்மையாகக் கொண்ட ஒருவர், சார்லஸ் வுட்சன், அதை வென்றது 1997இல். 2024இல் வென்ற டிராவிஸ் ஹன்டர் தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடியவர். பந்துக்கு முன் வரிசையாய்க் குனிந்து நின்று எதிரியை உடலால் தடுக்கும் நடுவரிசையினர் ஒருவருக்கேனும் அவ்விருது கிடைத்ததில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு அடிகூட முன்னேற முடியாது என்பதை அவ்வாட்டத்தை அறிந்தோர் அனைவரும் ஒப்புக்கொள்வர்.

அந்நாட்டிலிருந்து கற்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. பருவ முடிவில் நடக்கும் பெரும் ஆட்டங்களின் எண்களை 2002ஆம் ஆண்டு வரை அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு ஆட்டக்காரரின் பருவக் கணக்கில் சேர்க்கவில்லை; அதன்பின் சேர்த்தது. ஆகவே பழைய ஓட்டக்காரர்களின் எண்கள் ஒரு ஆட்டம் குறைவாகவும், புதியவர்களின் எண்கள் ஒரு ஆட்டம் கூடுதலாகவும் ஒரே அட்டவணையில் நிற்கின்றன. இவ்வளவு கவனமாகக் கணக்கு வைக்கும் நாட்டிலேயே ஏடு இப்படிச் சாய்ந்திருக்கிறது.

நின்ற இடம் பிறவிக் குணமன்று என்பதற்கும் நம் வரலாறு நல்ல சான்று தருகிறது. 1948 இந்திய அணித்தலைவர் தாலிமெரன் ஆவ் கௌகாத்தி காட்டன் கல்லூரியில் ஆடியபோது முன்கள வீரர். கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடியபோது பின்னே இறக்கப்பட்டார். பீட்டர் தங்கராஜ் தொடக்கத்தில் சென்டர் ஃபார்வர்டு, பிறகே கோல்காவலர். எதிரணி முன்கள வீரனின் மனத்தை அவர் உள்ளிருந்து அறிந்திருந்தார் என்று கருத இடமுண்டு. ஜகார்த்தாவில் 1962இல் நடந்தது இதன் உச்சம். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்ட ஜர்னைல் சிங்கை, அரையிறுதியிலும் இறுதியிலும் பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம் முன்களத்தில் நிறுத்தினார். இரண்டு ஆட்டங்களிலும் அத்தற்காப்பு வீரர் கோல் அடித்தார். இறுதியில் தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றது இந்தியா. ரகீம் உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மாணவனின் இயல்பை அறிந்து இடம் மாற்றும் ஆசிரியக் கண் அது.

அந்த இறுதியாட்டத்தை இன்று நினைவுகூர்வோர் பி.கே. பானர்ஜியின் கோலையும் ஜர்னைலின் கோலையும் சொல்வர். ஜர்னைல் தன் வழக்கமான இடத்தை விட்டு முன்னே போக முடிந்தது, பின்னே நின்றவர்களை நம்பித்தான். நின்றவர்களில் ஒருவர் இரிஞ்ஞாலக்குடை சந்திரசேகரன். முன்னே அடிக்கப்பட்ட கோலில் பின்னே நின்றவனின் பங்கு எவ்வளவு என்று எந்த ஏடும் எழுதுவதில்லை.

கேரளத்தின் சொந்தப் பெருமையிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 1973 டிசம்பர் 27ஆம் நாள், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3–2 என வென்று கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி, அன்று முதல் அவர் பெயரே ‘கேப்டன் மணி’ ஆயிற்று. அவ்வணியிலிருந்த கோல்காவலர்களுள் ஒருவர் விக்டர் மஞ்சிலா. கோழிக்கோடு பல்கலைக்கழகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, உஸ்மான் கோயாவின் பயிற்சியில், அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டியை வென்றபோது அணியை வழிநடத்தியவர் அவர். மூன்று கோல் அடித்தவர் பெயர் பழமொழி போல் நிலைத்துவிட்டது. கல்லூரி ஆட்டக்காரர் வரலாற்றை எழுதப் புகுவோர், மஞ்சிலாவின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

வாசலின் கோணல்

மூன்றாவது கோணலே மிக ஆழமானது. “கல்லூரி ஆட்டக்காரர்களுள் சிறந்தவர் யார்” என்று கேட்ட மாத்திரத்தில், கல்லூரிக்குள் நுழைய முடியாதவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

பாலக்காட்டுச் சமவெளியில் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சித்தூரில் அரசுக் கல்லூரி 1947இல் வந்தது. மூணாறு மலைகளின் கதை வேறு. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் கங்காணிகள் மூலம் தமிழ் மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. எஸ்டேட் லயங்களில் பிறந்த பிள்ளை, ஓரளவு எழுதப் படிக்கக் கற்றதும் கொழுந்துக் கூடையையோ தொழிற்சாலையையோ நோக்கிச் சென்ற காலம் அது. மூணாற்றில் அரசுக் கல்லூரி வந்தது 1990களில்தான். அதன் கட்டடமும் 2018 மழைக்காலத்தில் மண்சரிவில் சிதைந்தது.

ஆனால் கால்பந்து அங்கே கல்லூரிக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. 1941இல் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் மேலாளர் ஈ.எச். பிரான்சிஸ் ஒரு கேடயத்தை அளிக்க, எஸ்டேட்டுகளுக்கு இடையிலான ஃபின்லே கேடயப் போட்டி தொடங்கிற்று. சந்தோஷ் கோப்பையும் அதே 1941இல்தான் தொடங்கியது. இரண்டும் ஒரே வயதுடையவை. ஒன்று மாநிலங்களின் பெருமையாக நாடு முழுவதும் அறியப்பட்டது. மற்றொன்று பனிக்கும் சரிவுக்கும் நடுவில், கொழுந்து எடுக்கும் கைகளும் கவ்வாத்து வெட்டும் கைகளும் கூடி நின்று ஆரவாரிக்க, மலைக்குள்ளேயே நடந்தது. ஃபின்லே போய் டாடா வந்தது. 2005இல் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் பொறுப்பேற்றது. உரிமையாளர்கள் மாறியும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. அக்கேடயத்துக்காக ஆடிய தொழிலாளிகளின் பெயர்களை இந்தியக் கால்பந்து வரலாற்று நூல்களில் தேடுவோர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், நாள் முழுதும் சரிவில் உழைத்த காலோடு, மாலையில் பந்து ஆடிய ஒருவரையும், விடுதியில் உண்டு, பயிற்சியாளரின் மேற்பார்வையில் காலையும் மாலையும் ஆடிய கல்லூரி மாணவரையும் எவ்வாறு ஒப்பிடுவது? மாணவரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருவரில் ஒருவருக்கு மட்டுமே ஏடு இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கல்லூரி தவிர வேறு வாசல்களும் இருந்தன. பீட்டர் தங்கராஜுக்கு வாசல் நீலகிரியின் வெலிங்டனில் இருந்த மதராஸ் ரெஜிமென்ட் மையம். அம்மையம் 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டுராண்டு கோப்பையை வென்றது. நாராயணனுக்கு வாசல் பம்பாய். பாலக்காட்டுக் குடும்பங்கள் பல குடியேறிய மாட்டுங்காவின் மாட்டுங்கா ஸ்டூடண்ட்ஸ், மாட்டுங்கா ஜிம்கானா அணிகளும், பிறகு கால்டெக்ஸ், டாடா நிறுவன அணிகளும் அவரை வளர்த்தன. கல்லூரி வழியே வந்த சந்திரசேகரனும் இறுதியில் சேர்ந்தது அதே கால்டெக்ஸில். 1963–64 சந்தோஷ் கோப்பையை வென்ற மகாராஷ்டிர அணியில் இருவரும் இருந்தனர். அவ்வணி வென்றது கேரளத்தின் முதல் வெற்றிக்குப் பத்தாண்டுகளுக்கு முன். மாநிலவாரியாகக் கணக்கெழுதினால் அந்த வெற்றி மகாராஷ்டிரத்தின் பத்தியில்தான் விழும். ஒற்றப்பாலமும் இரிஞ்ஞாலக்குடையும் அதில் தெரியா.

ஐ.எம். விஜயனின் வாசல் காவல்துறை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், கேரள போலீஸ் அணியில் சேர்ந்து, இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை பெற்றார். கல்லூரி ஆட்டக்காரர் பட்டியலில் அவருக்கு இடமில்லை. விஜயனைச் சேர்க்க முடியாத ஒரு பட்டியல், தன் எல்லையைத் தானே அறிவித்துக்கொள்கிறது. அதே ஊரின் ஜோபால் அஞ்சேரியோ தற்காப்பு, நடுக்களம், முன்களம் என எல்லா இடங்களிலும் ஆடி, 1994, 2001 ஆகிய ஆண்டுகளில் அவ்விருதைப் பெற்றார். இடத்தை வைத்து ஆளை அளப்போர்க்கு அவர் ஒரு நிலையான மறுப்பு.

கல்லூரி வாசல் இன்றும் மூடிவிடவில்லை. கொண்டோட்டி இ.எம்.இ.ஏ. கல்லூரியிலிருந்து தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிகா வந்தார், கண்ணூர் எஸ்.என். கல்லூரியிலிருந்து முன்கள வீரர் சி.கே. வினீத்தும், நடுக்களத்தின் சகல் அப்துல் சமதும் வந்தனர். மூவரும் இந்தியாவுக்காக ஆடினர். கல்லூரிகள் கால்பந்தைத் தாங்கிய ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்கள் வருகின்றனர். கல்லூரி தாமதமாக வந்த மலைகளிலிருந்து வருவோர் அரிது. திறமை சமவெளியில் மட்டும் விளைகிறது என்று இதற்குப் பொருள் கொள்வோர், அறுவடைக் கணக்கை மழைக் கணக்காகப் படிக்கிறார்கள்.

படிக்கல் எது

அப்படியானால் ஒப்பீடே வேண்டாமா? வேண்டும். விருதுக் குழுவும் தேர்வுக் குழுவும் அதைத் தவிர்க்க முடியாது. தவிர்த்தால் செல்வாக்குள்ளவனுக்கே இடம் போகும். ஒப்பீடு செம்மையாக நடக்க நான்கு நெறிகளைச் சொல்லலாம்.

முதல் நெறி: ஒருவரை அவர் காலத்தவரோடும் அவர் நின்ற இடத்தவரோடும் முதலில் ஒப்பிட வேண்டும். நாராயணனுக்கு நிகர் விஜயன் அல்லர், தங்கராஜ். ஆசியாவின் தலைசிறந்த காவலர்களுள் ஒருவராக மதிக்கப்பட்ட தங்கராஜ் இருந்த அதே காலத்தில் இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றது எத்தகைய சாதனை என்று கேட்டால், நாராயணனின் உயரம் உடனே தெரியும்.

இரண்டாம் நெறி: காலங்களைக் கடந்து ஒப்பிடும்போது எண்ணை ஒப்பிடாமல், சராசரியிலிருந்து விலகிய தொலைவை ஒப்பிட வேண்டும். தன் காலத்து நல்ல ஆட்டக்காரனைவிட இவர் எவ்வளவு மேலே நின்றார் என்பதே கேள்வி. நேரம், காலணி, விதி ஆகியவற்றின் வேறுபாடுகள் அப்போது பெரும்பாலும் தாமே கழிந்துவிடும்.

மூன்றாம் நெறி: இடத்தின் கடமையை அளக்க வேண்டும். முன்கள வீரனிடம் எத்தனை கோல் என்று கேட்பது போல, தற்காப்பு வீரனிடம் அவன் இருந்தபோதும் இல்லாதபோதும் அணி வாங்கிய கோல்கள் எத்தனை என்று கேட்க வேண்டும். இதற்கு ஆட்டந்தோறும் அணிப் பட்டியல் தேவை. கல்லூரிப் போட்டிகளில் கோல் அடித்தவர் பெயரை மட்டும் குறித்து வைக்கும் வழக்கம் இருக்கும்வரை, கோல்காவலனும் பேக்கும் விண்ணப்பத்தோடு இணைக்கச் சான்றின்றியே நிற்பார்கள்.

நான்காம் நெறி: எந்த வாசல் வழியே வந்தார் என்பதை எழுதிய பிறகே எவ்வளவு தூரம் சென்றார் என்பதை எழுத வேண்டும். ஒருவர் தொடங்கிய இடமும் அடைந்த இடமும் சேர்ந்ததே அவர் ஓடிய தூரம். எஸ்டேட் லயத்தில் தொடங்கி மாவட்ட அணி வரை வந்தவர், நகரக் கல்லூரியில் தொடங்கி மாநில அணி வரை சென்றவரைவிட அதிகத் தொலைவு ஓடியிருக்கக்கூடும்.

இந்த நான்கு நெறிகளையும் கைக்கொண்டாலும் “சிறந்தவர் யார்” என்ற வினாவுக்கு ஒற்றைப் பெயர் கிடைக்காது. கிடைப்பது இன்னும் நீண்ட, இன்னும் நேர்மையான பட்டியல். அதில் விஜயனுக்கும் கேப்டன் மணிக்கும் இடம் குறையாது. அவர்கள் அருகே ஒற்றப்பாலத்துக் காவலரும் இரிஞ்ஞாலக்குடைத் தற்காப்பாளரும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பழைய தலைவரும் வந்து நிற்பர்.

மலைக்கு உரிய பக்கம் மட்டும் அப்போதும் வெறுமையாகவே இருக்கும். அதை நிரப்ப நிறுவனத்தின் பழைய கோப்புகளும், எஸ்டேட் மன்றங்களில் மாட்டிய அணிப் படங்களும், அவற்றில் நிற்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய முதியவர்களும் வேண்டும். கோப்பும் படமும் இன்னும் சில ஆண்டு காத்திருக்கலாம். 1960களில் அக்கேடயத்துக்காக ஆடியவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். அவர்களிடம் முதலில் செல்வதே முறை.